கண்ணில்லாத வேட்டை

(திருவண்ணாமலையில் நிகழ்ந்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மாவட்டத்தில் மனிதர் நடமாடும் பாதையருகே நடக்கும் வேட்டையைப் பற்றிய மிகப் பழைய எச்சரிக்கையைத் தேடி வனத்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. பத்துப்பாட்டைப் புரட்டினால் போதும். இன்றைய செங்கம், அன்று செங்கண்மா. அதை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறப் போகிற கூத்தர் கூட்டத்துக்கு, ஏற்கெனவே பெற்றுத் திரும்புகிற ஒருவர் வழி சொல்வதாக அமைந்தது பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். 583 அடிகளில் கணிசமான பகுதி ஆபத்துகளின் பட்டியல்தான். தினைப்புனத்தைப் பன்றி அழித்துவிடுமே என்று அஞ்சி, அது நுழையும் சந்துதோறும் கனத்த கல்லைத் தூக்கி நிறுத்திப் பொறி வைத்திருப்பார்கள். ஆகவே இருட்டில் போகாதீர்கள், விடிந்த பிறகு போங்கள் என்கிறார் அந்த வழிகாட்டி. அந்தக் கற்பொறிக்கு அடார் என்று பெயர். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு எச்சரிக்கை: பரண்மேல் இருப்பவர்கள் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள்; அது உங்கள் மேலும் பாயலாம், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள்.

இரண்டு ஆபத்துக்கும் இரண்டு வேறு யோசனைகள் சொல்லப்படுவதைக் கவனிக்க வேண்டும். கவணுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறான். அவனுக்குக் கண் இருக்கிறது. கை தவறலாம், கல் விலகலாம். ஆனாலும் குரல் கொடுத்தால் நிறுத்துவான். அடாருக்குப் பின்னால் யாரும் இல்லை. பன்றியின் காலுக்கும் பாணனின் காலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. ஊருக்கு அருகே வேட்டை என்றதும் வில்லா, துப்பாக்கியா, குறுக்கு வில்லா என்று உலகம் முழுவதும் வாதம் நடக்கிறது. திருவண்ணாமலையிலிருந்து பார்க்கும்போது அந்த வாதத்தைவிட, மலைபடுகடாம் காட்டிய இந்தப் பிரிவினைதான் பொருத்தமாகத் தெரிகிறது. பின்னால் ஒரு கண் இருக்கும் ஆயுதம் ஒரு பக்கம், இல்லாத ஆயுதம் மறுபக்கம்.

இந்த ஊரின் தலபுராணமே ஒரு வேட்டையில் திரும்புகிறது. வச்சிராங்கத பாண்டியன் குதிரையேறி வேட்டைக்கு வருகிறான். புனுகுப்பூனை ஒன்று அவன் கண்ணில் படுகிறது. துரத்துகிறான். பூனை மலையைச் சுற்றி ஓடுகிறது, குதிரையும் பின்னால் ஓடுகிறது. ஒரு சுற்று முடிந்ததும் இரண்டும் உயிர்விட்டு, துருவாசர் சாபத்திலிருந்து நீங்கிய வித்தியாதரர்களாக எழுந்து நிற்கின்றன. தம் காலால் மலையை வலம் வந்த பூனைக்கும் குதிரைக்கும் முக்தி. குதிரைமேல் உட்கார்ந்திருந்த அரசனுக்கு இல்லை. பிறகு அவனும் இறங்கி நடந்தே வலம் வருகிறான். இன்று பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் செருப்பில்லாமல் நடக்கிற அந்த 14 கிலோமீட்டர் பாதையின் பழங்கதைகளில் ஒன்று, வேட்டையாட வந்தவன் வேட்டையை விட்ட கதை.

செங்கம் வட்டாரத்து வயல்களில் இன்னொரு வகைச் சாட்சி நிற்கிறது. ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கும், புலியோடும் பன்றியோடும் பொருது மாண்டவர்களுக்கும் கல் நட்டு வணங்கிய நிலம் இது. வில்லும் வாளும் ஏந்திய வீரர்கள் பல்லவர் காலத்துக் கற்களில் நிற்கிறார்கள். எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல்லில் வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே சொல்கிறது. கள்வரைக் கடித்துத் தன் ஆளின் அருகே காத்து நின்ற நாய் அது. இந்தப் பகுதியில் நடுகற்களை மக்கள் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். திருவண்ணாமலைக்கு அருகே கவுத்தி மலையை ஒட்டி வேடியப்பன் மலை என்றே ஒரு மலை உண்டு. வேட்டையாடியவனைத் தெய்வமாக்கிய ஊர்களில் வேட்டையைப் பற்றிப் பேசும்போது ஏளனத்துக்கு இடம் கிடையாது.

இந்தக் கற்களின் வாசகங்களைத் தொகுத்து இரா. நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ 1972இல் வெளிவந்தது. வில்லேந்தியவர்களின் புகழ் அச்சில் ஏறிய அதே ஆண்டில்தான் வில்லைக் கீழே வைக்கச் சொன்ன சட்டமும் வந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972.

அந்தச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குத் தரப்பட்டிருக்கும் விளக்கம் படிக்கச் சுவையானது. துப்பாக்கியும் வெடிமருந்தும் மட்டும் ஆயுதம் என்று அது நிற்கவில்லை. வில், அம்பு, கொக்கி, கத்தி, வலை, நஞ்சு, கண்ணி, பொறி என்று அடுக்கிக்கொண்டே போகிறது. மயக்க மருந்து செலுத்தும் கருவிகூட அதில் அடக்கம். ‘வேட்டை’ என்ற சொல்லும் அப்படியே விரிகிறது: கொல்வது, பிடிப்பது, நஞ்சு வைப்பது, கண்ணியில் சிக்க வைப்பது, விரட்டுவது, இவற்றுக்கு முயல்வது, பறவையின் முட்டையை எடுப்பது எல்லாமே வேட்டை. குறி தப்பிவிட்டது, மான் பிழைத்துவிட்டது என்று சொல்லி யாரும் வழக்கிலிருந்து கழன்றுவிட முடியாது. 2022இல் வந்து 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பொதுவான குற்றங்களுக்கான அதிகபட்ச அபராதத்தை 25,000 ரூபாயிலிருந்து 1 லட்சமாக உயர்த்தியது. புள்ளிமானும் காட்டுப்பன்றியும் இப்போது இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. மயில் முதல் பட்டியலில். மயிலைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை, அது 7 ஆண்டு வரை போகலாம்.

ஆகவே எந்த வில்லால் வேட்டையாடலாம் என்ற கேள்வி இந்தியாவில் எழுவதில்லை. அது எழும் இடங்களைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பது பயனுள்ளது.

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் பருவம் உண்டு, உரிமம் உண்டு. புறநகர் வீடுகள் காட்டுக்குள் பரவிய இடங்களில் மான்களும் பெருகின. தோட்டங்கள் அழிகின்றன, சாலையில் கார்கள் மான்மேல் மோதுகின்றன. துப்பாக்கிக் குண்டு வெகுதூரம் போகும். வீடுகளுக்கு இடையே அதைச் சுட முடியாது. அதனால் வில் வந்தது. வர்ஜீனியா மாநிலத்தின் ஃபேர்ஃபாக்ஸ் மாவட்டத்தில் வில்லாளிகளைக் கொண்டு பூங்காக்களில் மான் எண்ணிக்கையைக் குறைக்கும் அரசுத் திட்டமே நடக்கிறது. அங்கெல்லாம் சண்டை தூரத்தைப் பற்றியது. பென்சில்வேனியாவில் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் துப்பாக்கி வேட்டை கூடாது. வில்லுக்கு அது 50 கஜம். நியூயார்க் மாநிலத்தில் துப்பாக்கிக்கு 500 அடி, குறுக்கு வில்லுக்கு 250 அடி, சாதாரண வில்லுக்கு 150 அடி.

குறுக்கு வில்லுக்கு ஏன் நடுவில் ஓர் இடம்? கையால் இழுக்கும் வில்லில் நாணை இழுத்துப் பிடித்து நிற்கும் வலு வில்லாளியின் தோளில் இருக்கிறது. குறி பார்க்கும் நேரமெல்லாம் தசை நடுங்கும். 1960களில் ஹாலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் வில்லின் இரு முனையிலும் உருளைகள் பொருத்தி, முழுதாக இழுத்தபின் பிடித்து நிற்கும் பாரத்தைக் குறைத்தார். 1969இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. குறுக்கு வில் இன்னும் ஒரு படி மேலே போய், இழுத்த நாணை ஒரு கொக்கியில் மாட்டிவிடுகிறது. விசையை அழுத்தினால் அம்பு பாயும். பழகாத கைக்கும் அது அடங்கும். சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் பொறிகளை அடுக்கும் இடத்தில் வளைவிற்பொறி என்று ஒன்று வருகிறது. தானாகவே அம்பெய்யும் இயந்திர வில் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். பழகாதவன் கையிலும் கொல்லும் கருவி என்பதாலோ என்னவோ, ஐரோப்பாவில் 1139இல் கூடிய இரண்டாம் லாத்தரன் திருச்சபை மன்றமும் கிறிஸ்தவர்கள்மேல் குறுக்கு வில் எய்வதைத் தடை செய்து பார்த்தது. போர்க்களத்தில் அந்தத் தடையை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

பிரிட்டன் வேறு வழியில் போயிற்று. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வில்லாலோ குறுக்கு வில்லாலோ காட்டுயிரைக் கொல்வதே குற்றம். வேட்டைக்குத் துப்பாக்கி செல்லும், வில் செல்லாது. அமெரிக்கப் புறநகரின் வாதத்துக்கு இது நேர் எதிர். ஆனால் அதே நாட்டில் 18 வயது நிரம்பியவர் குறுக்கு வில்லை உரிமம் இல்லாமல் வாங்க முடிந்தது. 2021 கிறிஸ்துமஸ் அன்று ஒரு இளைஞர் குறுக்கு வில்லோடு விண்ட்சர் கோட்டை வளாகத்துக்குள் நுழைந்து, ராணியைக் கொல்ல வந்ததாகச் சொல்லிப் பிடிபட்டார். 2023 அக்டோபரில் அவருக்கு 9 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மானுக்குத் தடுத்த கருவி கடையில் கிடைத்தது எப்படி என்ற கேள்வி அதன்பிறகுதான் அங்கே சூடுபிடித்தது.

வில்லை எதிர்ப்பவர்கள் சொல்லும் ஒரு காரணத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. குண்டு அடித்த வேகத்தில் விலங்கை வீழ்த்தும். அம்பு இரத்தம் வடியச் செய்து கொல்லும். அம்பு தைத்த மான் பெரும்பாலும் நின்ற இடத்தில் விழாது, ஓடும். காட்டில் ஓடினால் வேடன் இரத்தச் சுவடு பார்த்துப் பின்தொடர்வான். ஊரருகே ஓடினால் அது யார் வீட்டுக் கொல்லையிலாவது போய் விழும்.

இந்தத் தூரக் கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குத் திரும்பினால் தலை சுற்றும். 2,668 அடி மலை. அதன் காலடியில் கோயில், கோயிலை ஒட்டித் தெரு, தெருவை ஒட்டி வீடு. சரிவிலும் வீடுகள் ஏறியிருக்கின்றன. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து, குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தபோது, மலைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே இடைவெளி என்று ஒன்று இல்லவே இல்லை என்பது நாடு முழுவதும் தெரிந்தது. மறுபக்கம் மலையைச் சுற்றிய காட்டில் புள்ளிமான், முயல், மயில். கோடையில் தண்ணீர் தேடிப் பாதைக்கு வரும் மானை நாய் கடிப்பதும் வண்டி அடிப்பதும் இந்த ஊரில் பழகிப்போன செய்தி. இங்கே 150 கஜம் என்று கோடு போட்டால் கோட்டுக்குள் கோயில் கோபுரமும் வரும்.

தமிழ்நாடும் தூரத்தை வைத்தே ஒரு விதி செய்திருக்கிறது. காட்டுப்பன்றியால் நிலக்கடலையும் கரும்பும் மரவள்ளியும் போகிறது என்ற விவசாயிகளின் குரல் பல ஆண்டு ஒலித்த பிறகு, 2025 ஜனவரியில் அரசு அனுமதி அளித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி தரப்படவில்லை. அமெரிக்க விதி வீட்டிலிருந்து அளக்கிறது, இது காட்டிலிருந்து அளக்கிறது. அங்கே மனிதனைக் காக்கக் கோடு, இங்கே விலங்கைக் காக்க. ஆனால் காப்புக்காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் விவசாயிக்கு, அதாவது பன்றி முதலில் மேயும் நிலத்துக்காரருக்கு, இந்த விதியில் துப்பாக்கி இல்லை. சட்டத்தில் தற்காப்புக்கு இடம் உண்டு. தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கக் கொன்றால் குற்றமில்லை. நிலக்கடலைச் செடி அந்தக் கணக்கில் வராது. அதற்கு அதிகாரியின் எழுத்து மூல ஆணை வேண்டும். பன்றி ஒரே இரவில் முடித்துவிட்டுப் போய்விடும்.

அந்த இரவில்தான் கண்ணில்லாத ஆயுதங்கள் வெளியே வருகின்றன.

முதலாவது கண்ணி. இரு சக்கர வண்டியின் பிரேக் கம்பி ஒன்று போதும். சுருக்குப் போட்டுப் புதருக்கு நடுவே பன்றித் தடத்தில் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. அந்தச் சொல்லிலேயே கண் இருக்கிறது; கருவிக்குத்தான் இல்லை. பன்றிக்கு வைத்த கண்ணியில் மான் விழும், சிறுத்தை விழும், மேய்ச்சலுக்குப் போன ஆடு விழும். இரண்டாவது அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ தீனிக்குள்ளோ பொதிந்து வைக்கும் நாட்டு வெடி. கடித்த வாய் சிதறும். பன்றிக்கென்று வைத்ததைக் கடித்து, தாடை உடைந்து, தின்ன முடியாமல் நாள் கணக்கில் அலைந்து செத்த யானைகள் கோவைப் பக்கத்துக் காடுகளில் உண்டு. மாடு கடித்தாலும் கதி அதேதான்.

மூன்றாவது மின்வேலி. இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். முறையான சூரிய மின்வேலியில் ஒரு சிறு பெட்டி விட்டுவிட்டுத் துடிப்பாக மின்சாரத்தை அனுப்பும். வோல்ட் அதிகம், நேரம் கண்ணிமைக்கும் பொழுதைவிடக் குறைவு. தொட்ட விலங்கு உதறிக்கொண்டு ஓடும், சாகாது. திருட்டு வேலி அப்படி இல்லை. கம்பத்திலிருந்தோ மோட்டார் கொட்டகையிலிருந்தோ வரும் மின்சாரம் நேராகக் கம்பியில் நிற்கும். தொட்டது விடாது. 2023 மார்ச் 7 அன்று பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட அப்படியொரு வேலியில் 3 யானைகள் மாண்டன. கூட வந்த 2 குட்டிகள் தப்பி, விழுந்து கிடந்தவற்றைச் சுற்றி நின்றன. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாடு அரசு விதிகள் வகுத்தது. இத்தகைய வேலியில் யானை செத்தால் அது தலைப்புச் செய்தி. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன ஆள் செத்தால் உள்பக்கத்தில் நாலு வரி.

கேரள அரசு 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கே பன்றியைக் கொல்ல ஆணையிடும் அதிகாரம் கொடுத்தது. தாராளமான அந்த ஆணைகூட வெடி, நஞ்சு, மின்சாரம் மூன்றையும் விலக்கியது. உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரருக்கு அனுமதி உண்டு, மின்கம்பிக்கு இல்லை. மலைபடுகடாம் கவணையும் அடாரையும் பிரித்த அதே இடத்தில்தான் இந்த ஆணையும் வெட்டுகிறது.

பின்னால் கண் இருக்கும் ஆயுதம் எப்படி வேலை செய்யும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே சான்று இருக்கிறது. ஜவ்வாது மலையையும் தண்டராம்பட்டுப் பக்கத்தையும் சுற்றி வயலிலும் ஊரிலும் நுழைந்துகொண்டிருந்த 6 யானைகளை 2013 ஆகஸ்டில் வனத்துறை பிடித்தது. கால்நடை மருத்துவர்கள் மயக்க ஊசி செலுத்தினார்கள், கும்கிகள் அணைத்து நின்றன, லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சட்டத்தின் சொல்லில் அந்த ஊசித் துப்பாக்கியும் ஓர் ஆயுதமே. எந்த யானை, எவ்வளவு மருந்து, எங்கே விழும், பக்கத்தில் கிணறு இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது வெடித்தது.

வேட்டைத் தடையின் முதல் அடி யார்மேல் விழுந்தது என்பதையும் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கௌதாரிக்கும் காடைக்கும் கண்ணி வைத்தும், நாட்டுத் துப்பாக்கி தூக்கியும் பிழைத்தவர்கள் நரிக்குறவர்கள். காடு மூடியதும் ஊசிமணி பாசிமணியோடு பேருந்து நிலையத்துக்கும் கோயில் வாசலுக்கும் வந்தார்கள். இந்த ஊரின் தேரடித் தெருவுக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். தடை வந்து 50 ஆண்டு கழித்து. இருளர்களின் பாம்புத்தோல் வருமானமும் அப்படியே நின்றது. அவர்களுக்கு ஒரு மாற்று வழி பிறந்தது. 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுத்து, விஷமுறிவு மருந்துக்கு அனுப்பி, பாம்பைத் திரும்பக் காட்டில் விடுகிறது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. தடம் பார்க்கத் தெரிந்த கண்ணுக்குச் சம்பளம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு கணக்கு.

திருவண்ணாமலைக்கு அந்தக் கண் இப்போது தேவைப்படுகிறது. கண்ணியைக் கண்டுபிடிக்க இயந்திரம் மட்டும் போதாது. காலால் நடந்து, புதர் புதராகக் குனிந்து பார்த்து, கையால் அவிழ்க்க வேண்டும். எந்தப் புல் மிதிபட்டிருக்கிறது, எந்தக் கிளை புதிதாக ஒடிந்திருக்கிறது என்று படிக்கத் தெரிந்தவர்கள் இருளர் குடியிருப்புகளிலும் ஜவ்வாது மலை ஊர்களிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை மாதச் சம்பளத்தில் வனத்துறையோடு சேர்த்து நடக்கவிடலாம். பன்றி மேய்ந்த வயலுக்கு இழப்பீடு அடுத்த விதைப்புக்கு முன்பே கைக்கு வந்தால், மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுக்கும் கை கொஞ்சம் தயங்கும். பதிவான சூரிய வேலிக்கு மானியம் கேட்டு அலையும் விவசாயிக்கு எத்தனை மேசை என்பதையும் யாராவது எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூத்தர் கூட்டத்துக்கு மலைபடுகடாம் சொன்ன யோசனை எளிது: இரவில் போகாதே, விடிந்தபின் போ. கிரிவலப் பாதையில் அது செல்லாது. பௌர்ணமிக் கூட்டம் நடப்பதே இரவில்தான். அந்தப் பாதையின் ஓரத்தில், ரமணாசிரமத்துக்குள், லட்சுமி என்ற பசுவின் சமாதிக்கு அருகே வள்ளி என்ற மானுக்கும் ஒரு சமாதி இருக்கிறது. ஆசிரமத்தின் பின்வாசலைத் தாண்டினால் மலையேறும் ஒற்றையடிப் பாதை. அடுத்த பௌர்ணமிக்கு முன்னால், பகல் வெளிச்சத்தில், அத்தகைய பாதைகளின் இரு பக்கத்துப் புதர்களிலிருந்து கண்ணி தேடத் தொடங்கலாம்.